அப்பா வீட்டை விற்ற பணம் சேமிப்புக் கணக்கில் மாட்டிக்கொண்டால்

நண்பரே, அப்பா விட்டுச்சென்ற வீட்டை விற்ற பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கிறது, அதை வெளிநாட்டுக்கு அனுப்ப வங்கி மறுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வங்கி மறுத்தது சரிதான். வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரணச் சேமிப்புக் கணக்கை வைத்திருக்கவே கூடாது. முதலில் அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டில் வாழ்பவர் தம் இந்திய வருமானத்தை வைக்கும் கணக்காக, மாற்றுங்கள்.

ஆண்டுக்கு 2,50,000 டாலர் அனுப்பலாம் என்று உங்கள் உறவினர் சொன்னது இந்தியாவில் வசிப்பவர்களுக்கான திட்டம். உங்களுக்கு அது பொருந்தாது. என்ஆர்ஓ கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, 10 லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டு வருமானத்தை வைக்கும் என்ஆர்இ கணக்குக்கு மாற்றினாலும் அந்தத் தொகை இந்த வரம்பில்தான் சேரும். வாடகை, வட்டி போன்ற வருமானம் வரி கட்டிய பிறகு தனி, வரம்பில் வராது.

விற்பனைப் பத்திரம், உயில் அல்லது வாரிசுச் சான்றிதழ், வரி கட்டிய ஆதாரம், ஆடிட்டர் சான்று ஆகியவற்றைக் கேட்பார்கள். பணம் அனுப்புவது பற்றி நீங்கள் தரும் அறிவிப்பும் இந்த ஆடிட்டர் சான்றும்தான் 15சிஏ, 15சிபி என்று எல்லோருக்கும் பழகிய படிவங்கள். பெரும்பாலும் சிக்கல் ஆடிட்டரிடம்தான் தொடங்கும். வீடு வாங்கியவர் உங்களை உள்ளூர்க்காரர் என்று நினைத்து 1% மட்டும் வரி பிடித்திருந்தால், மீதியைச் சரிசெய்யாமல் ஆடிட்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். இதை இன்றே பாருங்கள்.

இன்னொன்று, நம்மூர் இனிஷியல் தொல்லை. பான் அட்டையில் 'எஸ். முருகன்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.