கீகேட் (மின்சுற்று வடிவமைப்பு மென்பொருள்) வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாத பவர் பின்களை எப்படிக் கையாள்வது?

நீங்கள் சொல்வது இது: பலகை முழுவதும் 3.3 வோல்ட். அதில் பாகச் சின்னங்களின் பழைய நூலகம் ஒன்றிலிருந்து எடுத்த 74எச்சி125 என்ற பஃபர் சிப். வரைபடத்தில் அதற்கு மின்சாரம் தரும் 14ஆம், 7ஆம் பின்கள் (கால்கள்) தென்படவில்லை. ஈ.ஆர்.சி. (இணைப்பு விதிகளைச் சரிபார்க்கும் சோதனை) காட்டிய ஒரு பிழையை வழக்கமான தொல்லை என்று கடந்துவிட்டீர்கள். அச்சிட்ட பலகை (பிசிபி) வந்த பிறகு மீட்டர் வைத்தால் 14ஆம் பின் 3.3 வோல்ட்டுடன் சேரவில்லை. ஆனாலும் சிப் அவ்வப்போது வேலை செய்கிறது.

அந்தப் பின் தனியாக விடப்படவில்லை. விசிசி (பவர் நேர்முனை) என்ற நெட்டில், அதாவது ஒரே பெயருள்ள இணைப்பில், சேர்ந்துதான் இருக்கிறது. அந்தப் பெயரில் உங்கள் வரைபடத்தில் வேறெதுவும் இல்லை, அவ்வளவுதான். கீகேட்டில் ஒரு பின் பவர் இன்புட் வகையாக இருந்து, மறைக்கவும் பட்டிருந்தால், அதன் பெயரே நெட்டின் பெயராகிவிடும். எந்தத் தாளில் இருந்தாலும் இதே கதைதான். 7ஆம் பின் பிழைத்ததற்குக் காரணம், உங்கள் கிரவுண்டுக்கும் ஜிஎன்டி என்றே பெயர் இருந்ததுதான்.

"அவ்வப்போது" என்றீர்களே, அதுதான் இதில் வஞ்சகமான பகுதி. உள்ளீடு ஒன்று 3.3 வோல்ட்டுக்கு உயரும்போது, சிப்புக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியே மின்சாரம் விசிசி பக்கம் ஏறிவிடும். டையோடில் இழப்பது போக இரண்டரை வோல்ட்டுக்குச் சற்று மேல் மிஞ்சும். 74எச்சி குடும்பத்துக்கு 2 வோல்ட்டே போதும். ஆக, ஏதாவது ஒரு உள்ளீடு உயர்ந்திருக்கும் வரை சிப் உயிரோடு இருக்கும். எல்லாம் தாழ்ந்தால் சாகும். புரோகிராமில்தான் கோளாறு என்று நாள்கணக்கில் தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பவர் பின்களை மறைக்கும் இந்த வழக்கம் முட்டாள்தனமாகத் தோன்றினாலும், பிறந்தபோது நியாயமாகவே இருந்தது. பினாங்கில் நான் வேலை செய்யும் பாயான் லெப்பாஸ் வட்டாரத்துக்கு 1972இல் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்த காலத்தில், லாஜிக் என்றால் பெரும்பாலும் டிடிஎல் என்ற சிப் வகை, டிடிஎல் என்றால் 5 வோல்ட். ஒரு 7400 சிப்புக்குள் நான்கு லாஜிக் கேட்கள். பவரை எந்தக் கேட்டில் வரைவது? அதனால் கையால் வரைந்தவர்கள் தாளின் மூலையில் ஓர் அட்டவணை போட்டார்கள்: எந்த ஐசிக்கு எந்தப் பின் விசிசி, எது கிரவுண்ட் என்று. மென்பொருள் அந்த அட்டவணையைச் சின்னத்துக்குள் விழுங்கிவிட்டு, தாளில் எதையும் மிச்சம் வைக்கவில்லை. பழுது பார்ப்பவர் 14, 7 என்று குருட்டுப் பாடமாக நினைத்தால், 7490 சிப்பில் அவை 5, 10. 4050இலோ 1, 8. அதன் 16ஆம் பின்னுக்கு எந்த இணைப்பும் கிடையாது.

பின் மறைந்திருப்பதை நான் பெரிய குற்றமாக நினைக்கவில்லை. கேட்காமலே பெயரை வைத்துச் சேர்ந்துகொள்வதுதான் குற்றம். முதன்மைச் சுற்றிலிருந்து மின்தொடர்பின்றித் தனிமைப்படுத்திய ஆர்எஸ்485 (தொடர் தகவல்தொடர்பு) பக்கத்தில் இப்படி ஒரு 74எச்சி14 சிப்பை வைத்துப் பாருங்கள்: அதன் ஜிஎன்டி சத்தமில்லாமல் முதன்மைக் கிரவுண்டுடன் சேர்ந்து, காசு கொடுத்து வாங்கிய தனிமைப்படுத்தலை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். ஈ.ஆர்.சி.யும் வாய் திறக்காது, ஏனென்றால் அதன் பார்வையில் எல்லாம் முறையாகச் சேர்ந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: வியூ பட்டியலில் மறைந்த பின்களைக் காட்டச் சொல்லுங்கள். அது காட்சிக்கு மட்டும்தான், இணைப்பு மாறாது. பிறகு சின்னத்தை உங்கள் சொந்த நூலகத்துக்கு நகலெடுத்து, பின் அட்டவணையில் அந்த இரண்டையும் வெளிப்படையாக்கி, வரைபடத்தில் அந்தச் சின்னத்தைப் புதுப்பித்து, 3.3 வோல்ட்டுக்கு நீங்களே கம்பி இழுங்கள். இன்னும் எளிது, கீகேட்டின் இப்போதைய 74 நூலகத்துக்கே மாறிவிடுவது. அதில் பவர் பின்கள் சின்னத்தின் தனிப் பகுதியாக (யூனிட்) வருகின்றன. தாளின் ஓரத்தில் அதை வைத்து, பக்கத்திலேயே 100 நானோ ஃபாரட் கப்பாசிட்டரையும் வரையுங்கள். அந்த யூனிட்டை வைக்க மறந்தால் ஏழாம் பதிப்பு முதல் ஈ.ஆர்.சி. எச்சரிக்கிறது. "பவர் இன்புட்டை எதுவும் இயக்கவில்லை" என்ற பிழையை வாயடைக்க 'இங்கே பவர் வருகிறது' என்று சொல்லும் பவர் ஃபிளாக் குறியை ஒட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. நெட்டின் பெயரைப் படிக்காமல் ஒட்டாதீர்கள்.

கையில் இருக்கும் பலகையைத் தூக்கிப் போட வேண்டாம். 14ஆம் பின்னிலிருந்து அருகிலுள்ள 3.3 வோல்ட் கப்பாசிட்டருக்கு மெல்லிய கம்பி ஒன்றைப் பற்றவையுங்கள். அதற்கு முன் அந்த 125ஐ மாற்றிவிடுங்கள். இத்தனை நாளாக டையோடு வழியே மின்சாரம் குடித்த சிப்பை நான் நம்ப மாட்டேன், புதியது மலிவுதான்.