ஆபரேஷன் முடியாத பித்தநாளப் புற்றுநோய்: கீமோ பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குக் கல்லீரலுக்குள் பித்தநாளப் புற்றுநோய். ஆபரேஷன் முடியாதாம். வயதானவருக்கு எதற்கு சார் இரண்டு கீமோ மருந்து?

பதில்: முன்பு ஜெம்சிடபின் என்ற ஒரே கீமோ மருந்து மட்டும்தான் பல இடங்களில் கொடுத்தார்கள். பிரிட்டனில் ஏபிசி-02 ஆய்வில் 410 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. ஆயுள் 8.1 மாதத்திலிருந்து 11.7 ஆகியிருந்தது. வயதை மட்டும் பார்த்து இதை மறுக்க மாட்டார்கள். எழுந்து நடமாடுகிறாரா என்பதுதான் முக்கியம்.

கேள்வி: அப்போ 11.7 மாதம்தானா?

பதில்: இல்லை. அது எல்லோரையும் ஆயுள்படி வரிசையாக வைத்தால் நடுவில் இருப்பவரின் கணக்கு. பாதிப்பேர் அதைத் தாண்டினார்கள்.

வேறொருவரின் கேள்வி: இதே நோய் உள்ள என் அம்மாவுக்குக் கிட்னி கொஞ்சம் வீக். மஞ்சள் காமாலையும் இருக்கிறது.

பதில்: முதலில் காமாலை. பித்தநாள அடைப்பைத் திறக்கச் சிறு குழாய் (ஸ்டென்ட்) வைத்து, ரத்தத்தில் பிலிருபின் என்ற காமாலை நிறமி இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் கீமோ. ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிர்ஜுரம் வந்தால் பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீமோ முதல் நாளும் எட்டாம் நாளும். மூன்றாவது வாரம் ஓய்வு. கிட்னிக்கு இடைஞ்சல் செய்வது சிஸ்பிளாட்டின்தான். அதனால்தான் கூடவே சலைன் ஏற்றுகிறார்கள், கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள். விரல் மரத்துப்போனாலோ காதில் இரைச்சல் கேட்டாலோ டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மருந்து சேர்த்தால் 19 மாதம் என்று படித்தேனே?

பதில்: நானும் நம்பிக்கையோடு பார்த்த ஆய்வு அது. இந்த இரண்டோடு நாப்-பாக்லிடாக்சல் என்ற மூன்றாவது கீமோ மருந்தையும் சேர்த்து 60 பேருக்குக் கொடுத்ததில் 19.2 மாதம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மறு பிரிவே இல்லை. அப்புறம் 441 பேரை வைத்து ஸ்வாக் 1815 என்ற குலுக்கல் முறை ஆய்வு நடந்தது: மூன்று மருந்துக்கு 14 மாதம், இரண்டுக்கு 12.7. புள்ளியியல்படி அது வித்தியாசமே இல்லை, ரத்த அணுக்கள் குறைவதுதான் கூடியது. ஒற்றைப் பிரிவு ஆய்வின் எண்ணை வைத்து டாக்டரோடு சண்டை போடாதீர்கள்.

கேள்வி: இம்யூனோதெரபி?

பதில்: டோபாஸ்-1 ஆய்வில் இதே இரண்டு மருந்தோடு, உடலின் எதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் டர்வாலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சேர்த்தார்கள். நடு எண் கொஞ்சம்தான் நகர்ந்தது, 11.5லிருந்து 12.8. ஆனால் இரண்டு ஆண்டு தாண்டியவர்கள் சுமார் 10 சதவீதத்திலிருந்து 25 ஆனார்கள். எனக்கு இந்த எண்தான் பெரிது. விலையை மட்டும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். பயாப்ஸி திசுவில் எஃப்ஜிஎஃப்ஆர்2, ஐடிஹெச்1 மரபணுச் சோதனைக்கும் இப்போதே சொல்லி வையுங்கள். கீமோ பலன் தராமல் போனால் அடுத்த மருந்து அந்தச் சோதனை முடிவைப் பொறுத்துத்தான்.