கருத்தரிக்கும் முன்பே கவனிக்க வேண்டியவை: மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

கேள்வி: இன்னும் சில மாதங்களில் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்க வேண்டுமா, கர்ப்பம் உறுதியான பிறகு போதுமா?

பதில்: இப்போதே தொடங்குங்கள். சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாவதற்கு அடிப்படையான நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது; அது சரியாக மூடுவதற்கு ஃபோலிக் ஆசிட் உதவுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய், மேலும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, பிறகு மருத்துவரைப் பார்க்க வருவதற்குள் அந்த நாட்கள் பெரும்பாலும் கடந்துவிடுகின்றன. ஆகவே கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம், இயன்றால் மூன்று மாதம் முன்பிருந்தே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொண்டு, கர்ப்பத்தின் 12-ஆவது வாரம் வரை தொடர வேண்டும். கீரையும் பயறும் அவசியம்தான் என்றாலும், அவற்றில் இயற்கையாக உள்ள ஃபோலிக் ஆசிட் வகைச் சத்தான ஃபோலேட்டில் கணிசமான பகுதி வேகும்போதே அழிந்துவிடுவதால் உணவை மட்டும் நம்பியிருக்க முடியாது. முந்தைய குழந்தைக்குத் தண்டுவடக் குறைபாடு இருந்தவர்களுக்கும், வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் இதைவிடப் பல மடங்கு கூடுதல் அளவு தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எனக்கு ஹீமோகுளோபின் 9.4 இருக்கிறது. தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன். இந்த நிலையில் கருத்தரிக்கலாமா?

பதில்: முதலில் இரண்டையும் சரிசெய்துகொள்ளுங்கள். கர்ப்பமடையாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். கர்ப்பக் காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுவதால் அந்த அளவு மேலும் இறங்கும்; பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாங்கும் வலு உடலில் இருக்காது. இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதமாவது விடாமல் சாப்பிட வேண்டும். அளவு சரியானதும் நிறுத்திவிடக் கூடாது.

என்னிடம் வரும் பல பெண்கள் காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை இரண்டையும் ஒன்றாகப் போட்டு, கையோடு காப்பியும் குடித்துவிடுகிறார்கள். இரும்பு தைராய்டு மருந்தைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்கிறது, காப்பியோ இரும்பை உடலில் சேரவிடுவதில்லை. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் பயனில்லாமல் போகிறது. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் விழுங்கி, அரை மணி நேரமாவது கழித்துக் காப்பி குடியுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி தேவை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரும்பு மாத்திரையுடன் நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்வது நல்லது. தைராய்டின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். அளவு 2.5-க்குள் வந்த பிறகு முயற்சி செய்யுங்கள். கர்ப்பம் உறுதியானதும் தைராய்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அப்போது அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: சிறு வயதில் தட்டம்மை ஊசி போட்டதாக அம்மா சொல்கிறார். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி தனியாகப் போட வேண்டுமா?

பதில்: தமிழகத்தில் தட்டம்மையுடன் ருபெல்லாவும் சேர்ந்த ஊசி 2017 பிப்ரவரியில்தான் அரசு முகாம்கள் வழியாக 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் போடப்பட்டது. அப்போது அந்த வயதைக் கடந்திருந்தவர்களில் பலருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ருபெல்லா தாக்கினால் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் குறைபாடு வரக்கூடும். கர்ப்பிணிக்கு இந்த ஊசியைப் போட முடியாது என்பதால், இப்போதே ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் போட்டுக்கொண்டு, ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம்.

கேள்வி: அத்தை மகனைத் திருமணம் செய்திருக்கிறேன். பயப்பட வேண்டுமா?

பதில்: பயம் வேண்டாம், பரிசோதனை வேண்டும். எந்தத் தம்பதிக்கும் 100 பிறப்புகளில் 2 அல்லது 3 குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு வரக்கூடும். நெருங்கிய உறவில் அது ஏறத்தாழ இரு மடங்காகிறது, அவ்வளவுதான். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் மரபணுவை இருவருமே, தங்களுக்கு நோய் இல்லாமலே, சுமப்பவர்களாக இருந்தால் மட்டும் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு அந்த நோய் வர நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. குடும்பத்தில் சிறு வயதில் இறந்த குழந்தைகள், தொடர் கருச்சிதைவுகள் பற்றிய விவரங்களைப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: எல்லாப் பரிசோதனையும் எனக்குத்தான் சொல்கிறார்கள். கணவர் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஒரு விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறத்தாழ மூன்று மாதமாகிறது, ஆகவே அவர் புகையையும் மதுவையும் இன்றைக்கு விட்டால்தான் பலன் அப்போது தெரியும். உடற்பயிற்சிக் கூடத்தில் தரப்படும் டெஸ்டோஸ்டிரோன் ஊசிகள் விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும் என்பதைப் பல இளைஞர்கள் அறியாமலிருக்கிறார்கள். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லை என்றால், உங்களுக்கு 35 வயதைக் கடந்திருப்பின் ஆறே மாதத்தில், இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் வாருங்கள். விந்துப் பரிசோதனை எளியது, வலியற்றது. அதைக் கடைசிவரை தள்ளிப்போட்டுவிட்டு மனைவிக்கு மட்டும் ஸ்கேனும் ஊசியும் தொடர்வதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை.