தின்னும் தேயிலையும் கணக்கில் வரும்

ரங்கூனிலிருந்து ஒரு மாணவர்: அக்கா, மாலை நான்கு மணிக்குப் பிறகு நான் டீ குடிப்பதில்லை. இரவு எட்டு மணிக்கு லபெ மட்டும் சாப்பிடுகிறேன். ஆனாலும் ஒரு மணி வரை தூக்கம் வருவதில்லையே, ஏன்?

தம்பி, டீயைக் குடிப்பதை விட்டீர்கள், இப்போது அதைத் தின்கிறீர்கள். தேயிலைக் கொழுந்தை ஆவியில் அவித்து, அமுக்கி, மாதக்கணக்கில் புளிக்கவைத்ததுதான் லபெ. புளித்தாலும் தூக்கத்தை விரட்டும் காஃபின் போய்விடாது. டீயில் சாறு இறங்கியதும் இலையை எறிந்துவிடுகிறோம். லபெயிலோ இலை முழுவதும் வயிற்றுக்குள் போகிறது. பரீட்சைக் காலத்தில் கண் விழிக்க நம் பிள்ளைகள் அதைத் தேடுவதும் இதனால்தான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய இடத்தில் ஒட்டும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றும். காஃபின் முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. உடலில் சேர்ந்த காஃபினில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். எட்டுக்கும் ஒன்றுக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். லபெயைப் பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு முந்திய இரவு தயவுசெய்து தூங்குங்கள். படித்தது மனத்தில் பதியத் தூக்கம் வேண்டும்.

மோல்மேனிலிருந்து ஐந்து மாதக் கர்ப்பிணி: டீயை அறவே விட வேண்டுமா?

வேண்டாம் அம்மா. நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபினைத் தாண்டாதீர்கள். ஒரு கோப்பை டீயில் ஏறத்தாழ 40 முதல் 50 வரை இருக்கும், வடிகட்டிய காபியில் அதைப்போல் இரு மடங்கு. கர்ப்பத்தில் காஃபின் கழிய வெகுநேரம் பிடிக்கும். டீக்கடைச் சாயம் கெட்டியானது, ஆகவே இரண்டு கோப்பையோடு நிறுத்துங்கள். லபெ தின்ற நாளில் ஒன்று போதும். இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பெகுவிலிருந்து ஒரு பெரியவர்: சர்க்கரை நோய்க்காக, நாளுக்கு ஐந்து டீ குடித்த நான் நேற்றோடு நிறுத்திவிட்டேன். மண்டை பிளக்கிறது.

ஐயா, பழகிய உடம்புக்குக் காஃபின் திடீரென்று கிடைக்காவிட்டால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரு கோப்பை வீதம் குறைத்து வந்திருக்கலாம். உங்களுக்கு விரோதி அந்த டீயில் ஊற்றும் இனிப்புக் கட்டிப்பால்தான். அதை விடுங்கள், டீயை விட வேண்டியதில்லை. டீக்கடை மேசையில் காசில்லாமல் வைத்திருக்கும் வெறும் டீயிலும் கொஞ்சம் காஃபின் உண்டு. இன்று அதில் ஒரு கோப்பை குடித்துப் பாருங்கள், தலைவலி தணியும்.