மோசசாரஸ் தாடை – கடிதம்

அன்புள்ள சார்,

துபாயில் வேலை பார்க்கிறேன். போன மாதம் இங்கே ஒரு கடையில் மோசசாரஸ் என்ற அழிந்துபோன விலங்கின் புதைபடிவத் தாடை ஒன்று வாங்கினேன். ஒரு முழ நீளம், மணற்கல்லில் பதிந்த எட்டுப் பற்கள். மொராக்கோவில் எடுத்தது என்றார்கள். என் மகளுக்கு டைனோசர் என்றால் உயிர், அவளுக்காகத்தான் வாங்கினேன். நண்பர்கள் போலி என்கிறார்கள். படங்கள் இணைத்திருக்கிறேன். நிஜமா?

கே.

அன்புள்ள கே.,

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எட்டுப் பற்களும் நிஜம் என்றே நினைக்கிறேன். தாடை நிஜமில்லை.

மொராக்கோவில் கூரிப்காவைச் சுற்றிப் பெரிய பாஸ்பேட் சுரங்கங்கள் இருக்கின்றன. ஒருகாலத்தில் அது கடல். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மோசசாரஸ்கள் அங்கே நீந்தின. ஆயுள் முழுக்கப் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும் விலங்கு அது. அதனால் உதிரிப் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. முழுத் தாடை அபூர்வம், விலை பல மடங்கு. அப்புறம் என்ன, எலும்புத் துண்டுகளை அடுக்கி, மணலைப் பசையில் குழைத்துப் பூசி, பற்களை நட்டுவிடுகிறார்கள்.

உங்கள் மூன்றாவது பல் ஒல்லியானது, ஓரம் கூர்மையானது. பக்கத்துப் பல் கட்டை குட்டையானது. ஒரே வாயில் அடுத்தடுத்து இப்படி முளைக்காது. இன்னொன்று, வேர். மோசசாரஸ் பல்லுக்கு அடியில் அதைவிடப் பருமனான, எலும்பு போன்ற வேர் இருக்கும், பற்குழியோடு இறுகிப் போயிருக்கும். அந்த வேரின் உட்பக்கம் சிலவற்றில் ஒரு குழி தெரியும். அடுத்த பல் பழைய வேரை அரித்துக்கொண்டு அதற்குள்தான் வளரும். அந்தக் குழிக்குள் ஒரு குருத்துப் பல்லை முதன்முதலாகப் பார்த்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. உங்களுடையதில் எட்டுமே வேர் தெரியாமல் மணலிலிருந்து நேராக எழுகின்றன.

உறுதி செய்ய வேண்டுமானால், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு மணலின் ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பசை என்றால் பெரும்பாலும் இளகும். பல்லில் தேய்க்காதீர்கள். அசல் பற்களுக்கும் விரிசலில் பசை விட்டிருப்பார்கள், அது ஏமாற்று வேலை அல்ல.

ஏமாந்துவிட்டோமே என்று வருந்தாதீர்கள். ஆய்வாளர்களுக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. 2021 இல் இதே பாஸ்பேட் படுகையிலிருந்து வந்த ஒரு தாடைத் துண்டை வைத்து செனோடென்ஸ் என்ற புதிய மோசசாரஸ் வகையை விவரித்தார்கள். மோசசாரஸின் ஒவ்வொரு பல்லுக்கும் தனிக்குழி உண்டு, இதிலோ ஒரே குழியில் இரண்டு பற்கள் தெரிகின்றனவே என்று வேறு ஆய்வாளர்கள் 2024 இல் கேட்டார்கள். போலியாக இருக்கலாம், சிடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. எந்தப் பல் தாடையில் எங்கே இருந்தது என்பதை வைத்துத்தான் அந்த விலங்கு எதைக் கடித்தது, எதை நொறுக்கியது என்று கண்டுபிடிக்கிறார்கள். பிடுங்கி ஒட்டிய பல்லில் அந்தத் தடயம் போய்விடுகிறது.

மகளிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மோசசாரஸ் டைனோசர் இல்லை, உடும்புக்கும் பாம்புக்கும் சொந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த முறை வேரோடு ஒரே ஒரு பல் வாங்குங்கள். எந்தச் சுரங்கம், எந்த அடுக்கு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த வேரில் குழி இருந்தால் எனக்கும் ஒரு படம் அனுப்புங்கள்.

அன்புடன்