சேப்பாக்கத்தைச் சுருட்டிய சிவால்கர்

கேள்வி: இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் போட்டியில்கூட ஆடாத பம்பாய்ப் பந்துவீச்சாளர் பத்மாகர் சிவால்கரை மூத்த ரசிகர்கள் இவ்வளவு கொண்டாடுவது ஏன்? ஓய்வுக்குப் பின் அவர் என்ன செய்தார்?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: நம்மவர்களுக்கு அதற்கான காரணம் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. மாநில அணிகள் மோதும் ரஞ்சிக் கோப்பையின் 1972-73 இறுதிப் போட்டியில், சுழற்பந்து வீச்சாளர்களான வெங்கட்ராகவனும் வி.வி. குமாரும் தமிழ்நாட்டின் பக்கம் இருந்தும், பந்து நன்றாகத் திரும்பிய அந்த ஆடுகளத்தை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் இந்த இடக்கைச் சுழலர்தான். முதல் இன்னிங்ஸில் 16 ரன்களுக்கு 8 விக்கெட்டுகளையும், இரண்டாவதில் 18 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளையும் வீழ்த்த, தமிழ்நாடு 80, 61 என்று சுருண்டது.

ரஞ்சி போன்ற பல நாள் ஆட்டங்களான முதல்தரப் போட்டிகளில் 589 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு 20 ரன்களுக்கும் குறைவான சராசரியில் எடுத்த ஒருவருக்கு இந்தியத் தொப்பி கிடைக்காததற்கு, அதே பாணியில் வீசிய பிஷன் சிங் பேடி அதே காலத்தில் உச்சத்தில் இருந்ததே முக்கியக் காரணம். ஆயினும், இருவரையும் ஒருசேர ஆடவைத்திருக்கலாம் என்பதே என் உறுதியான கருத்து. ஹரியானாவின் இடக்கைச் சுழலர் ராஜிந்தர் கோயலுக்கும் இதே கதிதான்.

சிவால்கர் 1987-88இல், 47 வயதில், மீண்டும் ரஞ்சி ஆடினார். பின்னர் பயிற்சியாளராகி, சிவாஜி பார்க் ஜிம்கானாவில் இளம் பந்துவீச்சாளர்களை உருவாக்கினார். இந்தியக் கிரிக்கெட் வாரியம் அவருக்கும் கோயலுக்கும் சி.கே. நாயுடு வாழ்நாள் சாதனையாளர் விருதை 2017இல் வழங்கியது. சிவால்கர் 2025 மார்ச்சில், 84ஆம் வயதில் மறைந்தார்.