வட்டம் கலந்த உருவங்களின் பரப்பளவு: கேள்வி பதில்

கேள்வி: பிள்ளைகளுக்குச் சூத்திரமெல்லாம் மனப்பாடம். ஆனால் சதுரத்துக்குள் இலை வடிவத்தில் நிழலிட்ட படம் வந்தால் பேனாவை வைத்துவிடுகிறார்கள், மேடம். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: இலைக்கென்று ஒரு சூத்திரம் இருக்கும் என்று தேடுகிறார்கள், பாவம். கணக்கைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். 14 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை வெள்ளை அட்டையில் வெட்டுங்கள். அதே 14 செ.மீ. ஆரத்தில் இரண்டு கால்வட்டங்களைக் கலர் கண்ணாடித்தாளில் வெட்டுங்கள், ஒன்று மஞ்சள், இன்னொன்று நீலம். எதிரெதிர் மூலைகளில் பொருத்தி வைத்தால் நடுவில் இலை பச்சையாகத் தெரியும்.

"பச்சை இருக்கும் இடத்தில் எத்தனை தாள்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். "ரெண்டு" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான். வெள்ளை எங்கும் மிச்சமில்லை, இலை மட்டும் இருமுறை மூடப்பட்டிருக்கிறது. ஆக, இரண்டு கால்வட்டங்களைக் கூட்டிச் சதுரத்தைக் கழித்தால் இலை: 154 + 154 − 196 = 112 ச.செ.மீ. இதைப் பிள்ளைகள் முதலில் வாயால் சொல்லட்டும், எண் அப்புறம் வரட்டும்.

கேள்வி: வட்ட வளையத்துக்கு ஆரங்களைக் கழித்துவிட்டு வர்க்கப்படுத்துகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் திரும்பவும் அதேதான்.

பதில்: ஆரங்கள் 10, 8 என்றால் அவர்கள் விடை 4π. அது 2 செ.மீ. ஆரமுள்ள குட்டி வட்டம். அதை வளையத்துக்குப் பக்கத்திலேயே வரையச் சொல்லுங்கள், கண்ணே தப்பைப் பிடித்துவிடும். சரியான விடை 100π − 64π = 36π, ஒன்பது மடங்கு!

கேள்வி: 22/7 போடணுமா, 3.14 போடணுமா, டீச்சர்?

பதில்: கேள்வியிலேயே சொல்லியிருந்தால் அதைப் போடு, கண்ணு. சொல்லாவிட்டால், ஆரம் 7-இன் மடங்காக இருக்கும்போது 22/7 வசதி. இரண்டுமே தோராயம்தான். அதனால் கடைசி வரி வரைக்கும் π என்றே வைத்துக்கொள். மேலே சொன்ன இலை 98π − 196. அதில் 3.14 போட்டால் 111.72 வரும், 112 வராது. பயப்படாதே, இரண்டும் சரி.

கேள்வி: என் மகள் 2πr எது, πr² எது என்று குழம்புகிறாள்.

பதில்: காகித வட்டத்தை 16 சம துண்டுகளாக வெட்டி, தலைகீழாக மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய ஓர் இணைகரம் கிடைக்கும். அடிப்பக்கம் சுற்றளவில் பாதி, அதாவது πr. உயரம் r. பெருக்கிப் பார்க்கட்டும்.